பெயர்த் திருத்தம்

டோக்கன் முப்பத்தொன்று.
நனைந்த மழைக்கோட்டைக் கையில் மடித்தபடி
டாப்னி என்றார். அப்புறம், ஷா.
சேட்டு வீட்டம்மாவா என்று கேட்டுவிட்டேன்.
பெட்ஃபோர்டில் ஜவுளிக்கடை ஷாவைத்தான் எனக்குத் தெரியும்.

சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.
"அது வேற ஷா, கண்ணு.
நாங்க இங்கிலீஷ்காரன் வச்சிட்டுப் போன ஷா."

பழைய ரேஷன் அட்டையை நீட்டினார்.
வடவெழுத்து ஆகாத யாரோ
ஷ-வைச் சீவி எறிந்துவிட்டு
டாப்னி சா
என்று எழுதிவைத்திருக்கிறார்.
பதினோரு வருஷம்.
அரிசிக்குப் போனாலும் சா,
மண்ணெண்ணெய்க்கு நின்றாலும் சா.
"நான் கேக்கவே இல்ல பாத்தியா" என்கிறார்.
"அருவங்காட்டுல வெடிமருந்துக்குப் பக்கத்துல
முப்பது வருஷம் உக்காந்தும் கேக்கல."

சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது.
குன்னூரில் மேகம் இறங்கினால் அதுவும் உட்கார்ந்துவிடும்.
சும்மா இருக்க முடியாமல் அர்த்தம் கேட்டேன்.

சின்னக் காடு, என்றார்.
காடுகூட இல்லை,
நிலத்தைத் திருத்தும்போது ஓரமாக
வெட்டாமல் விட்ட மரங்கள்.
அதையொட்டிக் குடியிருந்தவனை
அந்த மரங்களைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.
நாலு ஊரில் நாலு மரக்கூட்டம் இருந்தால் நாலு ஷா.
ஒருவருக்கொருவர் ரத்தமில்லை, பங்காளியில்லை.

பெர்த்தில் இருக்கும் தம்பி அனுப்பிய வரைபடத்தைப்
போனில் பெரிதாக்கிக் காட்டினார்.
இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம்
அம்மை போட்ட மாதிரி சிவப்பு.
ஆஸ்திரேலியாவில், கனடாவில் தூறல்.
கல்கத்தாவில் பெரிய திட்டு ஒன்று.
"அவங்கல்லாம் சாஹு. எழுத்துக்கூட்டினதுல
எங்களோட வந்து சேந்துட்டாங்க."
நீலகிரியில் ஒன்றுமில்லை.
விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தோம்,
மேட்டுப்பாளையத்துக்கு மேலே வெறும் பச்சை.
"டைகர் ஹில் கல்லறைல ஏழு பேர் இருக்கோம்" என்றார்.
இருக்கோம் என்றுதான் சொன்னார்.

அதில் முதல் ஆள் ஆர்தர்.
கேத்தி பக்கம் ஒரு சரிவையே காலி செய்து
கற்பூர மரம் நட்டவனாம்.
அவன் மகன் சீகை.
"காட்டைப் பேர்ல வச்சிக்கிட்டு
காட்டை வெட்டினவங்க."
வருத்தமாகச் சொல்லவில்லை,
கூட்டலில் பிழையைச் சுட்டுகிற குரல்.

சோலை, என்று என் வாயில் வந்துவிட்டது.
என்ன?
ஒன்றுமில்லை, என்றேன்.
கோத்தகிரிப் பக்கத்து
வனத்துறைப் பலகை ஞாபகம் வந்தது:
லாங்வுட் ஷோலா.
நம் சொல்தான். துரைமார் வாய்க்குள் போய்
ஒரு ஷ-வை மாட்டிக்கொண்டு திரும்பி
வழியோரம் நனைந்தபடி நிற்கிறது.
அதற்கு யாரும் மனு எழுதவில்லை.

சர்வர் வந்தது.
எஸ், ஹெச், ஏ, டபிள்யூ.
ஷாவ் என்றது கணினி.
அழித்தேன்.
திரையை அவர் பக்கம் திருப்பி
ஷ தட்டினேன், ஒரு துணைக்கால் கொடுத்தேன்.
போதுமா?
"உயிரோட விட்டா போதும்."

கீழே இயக்குநர் விவரம் என்று எனக்கும் ஒரு வரி.
குடும்பப்பெயர் கட்டாயம் என்று சிவப்பில் கத்தும்.
அப்பா மாசிலாமணியை முன்னெழுத்தாகச் சுருக்கி
அவரையும் முன்னாலேயே வைத்துவிட்டதால்
பின்னால் வைக்க என்னிடம் ஆளில்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்று வைத்த புள்ளிதான்,
இன்றைக்கும் அதையே வைத்தேன்.

வியாழக்கிழமை குறுஞ்செய்தி:
நிராகரிக்கப்பட்டது.
பழைய ஆவணத்துடன் பெயர் பொருந்தவில்லை.

போன் செய்து சொன்னேன்.
அந்தப் பக்கம் நாய் குரைத்தது, குக்கர் கூவியது.
"ஏழு பேரையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வரட்டா?"
திங்கட்கிழமை வாங்க, என்றேன்.
ஒன்பதுக்கே டோக்கன் எடுத்துடுங்க.
மேகம் இறங்கிடும்.